பெண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்பலாமா?

இலஞ்சித் திண்ணையில் ஒரு சாயங்காலம்

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் இலஞ்சியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தென்காசியை விட்டதும் சாரல் முகத்தில் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. கண் மலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் வரும் வயல்களையும் தெருக்களையும் யார் பார்க்கிறார்கள்? குமாரர் சந்நிதியை உத்தேசித்து வரும் முருக பக்தர்கள் மட்டும் அங்கே இறங்குவார்கள். சென்ற ஜூன் மாதம் நான் இறங்கியது வேறொரு காரியமாக.

முந்தின நாள் அருவிக்கரையில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். பழக்காரர் என்னுடைய தோள் பையைப் பார்த்தார், பேச்சுக் கொடுத்தார், பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், ஒரு விஷயம் கேக்கணும். நர்ஸ் படிப்புக்கு இந்தப் பக்கத்துல எந்தக் காலேஜ் நல்லது?”

சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. “யாருக்கு?” என்றேன்.

“மகளுக்குத்தான். பிளஸ் டூ எழுதி 600-க்கு 471 வாங்கியிருக்கா. அவளுக்கு நர்ஸாப் போகணும்னு. எங்க வீட்டுல வேண்டாங்கா. மச்சினன் டீச்சருக்குப் படிக்க வைன்னு சொல்லுதாவ. நடுவுல ஒரு ஆளு வந்து, சீட்டு இருக்கு, ஐயாயிரம் அட்வான்ஸ் குடுங்கன்னு வாங்கிட்டுப் போயிட்டான். குடுத்த பொறவுதான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.”

பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் மறுநாள் இலஞ்சிக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாயார் சொன்ன ஆட்சேபணை

சின்ன ஓட்டு வீடு, முன்னால் திண்ணை. மச்சினர் எனக்கு முன்பே வந்து தூணோரம் உட்கார்ந்திருந்தார். பெண் உள்ளேயிருந்து காப்பி கொண்டு வந்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். பேச்சு தன்னைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியும்.

தாயார்தான் முதலில் பேசினார். “நர்ஸ் வேலைன்னா ராத்திரி டூட்டி. கண்டவனையும் தொட்டுத் துடைக்கணும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரவ என்ன சொல்லுவாவ?”

இந்த ஆட்சேபணைக்கு வயது அதிகம். 1890-ல் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பிரசவக்காரப் பெண்கள் இறந்துபோனார்கள். ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததுதான் காரணம். அந்தச் சாவுகளைப் பார்த்த ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண் அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, 1900-ல் வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினார் என்பது பலருக்கும் தெரிந்த வரலாறு. 1909-ல் அவர் அங்கே நர்ஸுப் பயிற்சிப் பள்ளியையும் ஆரம்பித்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல்தான். டாக்டர்களை உருவாக்குமுன் நர்ஸுகளை உருவாக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. 1946-ல் வேலூரிலும் டில்லியிலும் நர்ஸுப் படிப்பு பட்டப் படிப்பாகவே உயர்ந்தது.

சென்னை அரசாங்கம் அதற்கும் முன்னோடி. 1854-லேயே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி. 1871-ல் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பயிற்சி. அப்படியிருந்தும் நம் குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. கணவனை இழந்தவர்களும் மிஷன் விடுதிகளில் வளர்ந்த பெண்களுமே ஆரம்ப காலத்தில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் வந்தார்கள். 1946-ல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸுகள். அதாவது 43,000 பேருக்கு ஒருவர்.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியாக அந்தப் பக்கம் போனால் கதை வேறு. புனலூர், கொட்டாரக்கரைப் பக்கத்தில் ஒரு வீட்டில் நர்ஸ் இருந்தால் அந்த வீட்டுக்குப் புது மாடி வந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. மலையின் இந்தப் பக்கம் பெய்யும் அதே சாரல்தான் அங்கேயும் பெய்கிறது. செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த ஊர்தான். ஆனாலும் நர்ஸ் வேலையைப் பற்றிய எண்ணம் மட்டும் கணவாயைத் தாண்டி வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இதை நான் தாயாரிடம் சொல்லவில்லை. சரித்திரத்தைக் கேட்டு எந்தத் தாய் மனம் மாறியிருக்கிறாள்? பழக்காரர் புத்திசாலி. அவர் ஏற்கெனவே தெருக்கோடிக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

நர்ஸ் ஆச்சி வந்தார்

ஊரில் அவருக்கு ‘நர்ஸ் ஆச்சி’ என்று பெயர். அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைப் புடவை இல்லை. பூப்போட்ட வாயில் புடவை. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்ததும், “அட்வான்ஸ் குடுத்தியாம்ல? ரசீது எங்க?” என்றுதான் ஆரம்பித்தார்.

ரசீதில் ஒரு கல்வி ஸ்தாபனத்தின் பெயர் இருந்தது. நமக்கு அந்தப் பெயர் வேண்டாம். ‘நர்சிங் டிப்ளமா, ஓராண்டு’ என்று அச்சிட்டிருந்தது.

“ஒரு வருஷத்துல நர்ஸா?” ஆச்சி சிரித்தார். “மாவடு ஊறவே மாசக்கணக்கு ஆவும்லா!”

அப்போதுதான் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணை நான் கவனித்தேன். பழக்காரரின் அண்ணன் மகள், இருபத்திநாலு வயதிருக்கும். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் வேலை. அவள் எழுந்து போய், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழைக் கொண்டு வந்து ஆச்சியின் மடியில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆச்சி கண்ணாடியை இறக்கி நிதானமாகப் படித்தார். தங்க நிற எழுத்து, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. இரண்டு வருஷப் படிப்பு.

“கவுன்சில்ல பதிஞ்சியா?”

“போனேன் ஆச்சி. இந்தப் படிப்பைப் பதிய முடியாதுன்னுட்டாவ.”

“இப்ப சம்பளம்?”

“ஆறாயிரம்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நிலைப்படியில் நின்ற பெண் தன் அக்காளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்காளுக்கு ஊசி போடத் தெரியும். ரத்த அழுத்தம் பார்க்கத் தெரியும். சலைன் ஏற்றத் தெரியும். கிளினிக்கில் அவளை எல்லாரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவள் நர்ஸ் அல்ல. அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. பெரிய ஆஸ்பத்திரிகள் எடுக்காது. வெளிநாடு கனவிலும் இல்லை. அவள் தகப்பனார் அந்த இரண்டு வருஷத்துக்காக ஒரு பசுவையும் ஒரு ஜோடி கம்மலையும் விற்றிருக்கிறார்.

எது நர்ஸ் படிப்பு?

வாசகர்களில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

நம் மாகாணத்தில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்கென்று 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டதுதான் இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். இந்தியா முழுவதற்குமான நர்சிங் கவுன்சிலுக்கு 1947-ல் சட்டம் பிறந்தது. அதற்குப் பதிலாகத் தேசிய கமிஷன் ஒன்றை அமைக்க 2023-ல் பாராளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. படிப்பை முடித்தவர் மாநிலக் கவுன்சிலில் பெயரைப் பதிந்து எண் வாங்கினால்தான் நர்ஸ். பதிய முடியாத படிப்பு எவ்வளவு பளபளப்பான காகிதத்தில் வந்தாலும் பிரயோஜனம் இல்லை.

பதியக்கூடிய படிப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருஷம். பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜி.என்.எம். என்ற டிப்ளமா மூன்று வருஷம். இதில் விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி வழி விடுகிறது, 40 சதவிகித மார்க்கு இருந்தால் போதும். ஏ.என்.எம். இரண்டு வருஷம், இது கிராம சுகாதார வேலைக்கு ஏற்றது. டிப்ளமா முடித்தவர் பிறகு இரண்டு வருஷம் படித்துப் பட்டதாரியாகலாம். எம்.எஸ்ஸி. அதற்கு மேலே. பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரிகள் சென்னையிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்க வேண்டும். சில கல்லூரிகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை.

“மூணு காயிதம் கேளு,” என்றார் ஆச்சி, பழக்காரரிடம். “கவர்மெண்டு ஆர்டர் ஒண்ணு. கவுன்சில் அனுமதி ஒண்ணு. யுனிவர்சிட்டி இணைப்பு ஒண்ணு. அதுவும் இந்த வருஷத்துக்கு உள்ளதா கேக்கணும். பத்து வருஷத்துக்கு முந்தி வாங்கினதைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டியிருப்பான். காட்ட மாட்டேன்னா செருப்பை மாட்டிட்டு வந்துரு.”

கவுன்சிலும் பல்கலைக்கழகமும் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்களின் பட்டியலை வெளியிடுகின்றன. ஊரில் எந்தப் பையனிடம் சொன்னாலும் செல்போனில் எடுத்துக் காட்டிவிடுவான். ஐயாயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய ஐந்து நிமிஷ வேலை அது.

எர்ஸ்கின் ஆஸ்பத்திரி ஞாபகம்

ஆச்சி பயிற்சி பெற்றது மதுரையில். இன்று ராஜாஜி மருத்துவமனை என்று சொல்கிறோமே, அதை அவர் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்.

“எங்கப்பா ரயிலேத்தி விடும்போது அழுதாவ. முதல் மாசம் முழுக்கப் படுக்கை விரிச்சேன், மடக்கினேன். சுருக்கமிருந்தா சிஸ்டர் மறுபடி பிரிச்சுப் போடச் சொல்லுவாவ. எனக்கு ஆத்திரமா வரும். பொறவு ஒரு தாத்தாவுக்கு முதுகுல புண்ணு வந்ததைப் பாத்தேன். படுக்கையில ஒரு சுருக்கம். அதுல ஆரம்பிச்ச புண்ணு. அன்னையிலேருந்து இன்னை வரைக்கும் என் வீட்டுப் பாயிலகூடச் சுருக்கம் கிடையாது.”

இங்கிலீஷ் பாடப் புத்தகம் அவரை மிரட்டியிருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்த பெண். உடற்கூறு புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு ராத்திரி ஆகுமாம். “மூணு மாசம் பல்லைக் கடிச்சா போதும். எலும்புக்கெல்லாம் பேரு ஒருதடவை நெஞ்சுல ஏறிட்டா பொறவு இறங்காது.” முதல் பருவத்திலேயே விட்டு ஓடுகிற பெண்கள் உண்டு. ஓடுகிறவர்களில் பலர் ரத்தத்துக்குப் பயந்து ஓடுவதில்லை, இந்த இங்கிலீஷுக்குப் பயந்துதான் ஓடுகிறார்கள் என்பது அவருடைய அனுபவம்.

காலேஜைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதே என்றார். ஆஸ்பத்திரியைப் பார். காலை பத்து மணிக்குப் போ, வார்டுக்குள் நட, கட்டிலில் மனிதர் இருக்கிறார்களா, மெத்தை மட்டும் இருக்கிறதா என்று எண்ணு. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் கணக்கு. நாற்பது மாணவிகள் பத்து நோயாளிகளைச் சுற்றி நின்றால் கடைசியில் நிற்கிற பெண் எதைக் கற்பாள்? பிரசவ வார்டு ஓடுகிறதா என்று பார். மருத்துவச்சிப் பயிற்சியும் சேர்ந்த படிப்பு இது. பிரசவமே நடக்காத ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு, பதிவேட்டில் மட்டும் பிரசவம் பார்த்ததாக எழுதி வாங்கிக்கொண்டு வருகிற பெண்கள் உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களா, மனநலப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், கிராமத்துக்குக் கூட்டிப் போகிறார்களா, ராத்திரிப் பயிற்சி முடிந்தால் விடுதிக்கு எப்படித் திரும்புகிறார்கள் — இதையெல்லாம் ஆபீசில் கேட்காதே. மூன்றாம் வருஷத்துப் பெண்ணைக் காண்டீனில் பிடித்துக் கேள்.

“சர்டிபிகேட் அசலை வாங்கி வச்சுக்கிடுவானான்னும் கேளு,” என்று சேர்த்துக்கொண்டார். படிப்பு முடிந்த பிறகும் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காமல், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு வருஷம் வேலை பார்த்தால்தான் தருவோம் என்று மடக்குகிற இடங்கள் உண்டு. மாணவர்களின் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கோர்ட்டு மதுரையில் இருக்கிறது. பெண் விடுதியில் இருக்கிறாள்.

பக்கத்தில் படிப்பதா, தூரத்தில் படிப்பதா?

தாயார் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். “அப்படியே படிக்கணும்னாலும் தென்காசிப் பக்கத்துலேயே படிக்கட்டும். தினமும் வீட்டுக்கு வந்துருவாள்லா.”

இந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. அருகிலேயே படித்தால் விடுதிச் செலவு மிச்சம். காய்ச்சல் தலைவலி என்றால் கஷாயம் வைத்துக் கொடுக்க ஆள் உண்டு. ஆனால் நர்ஸுப் படிப்பில் காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்கவேண்டிய நாட்கள் வரும். சாயங்கால முறை, ராத்திரி முறை வரும். பஸ்ஸை நம்பிப் படிப்பது லேசல்ல. அதோடு, தினம் வந்து போகிற பெண்ணை வீட்டு வேலை விடாது. இது என் சொந்த அபிப்பிராயம். தாய்மார்கள் மன்னிக்க வேண்டும்.

ஆச்சி சொன்ன வரிசை இது: முதலில் அரசாங்கக் கல்லூரி. சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி போன்ற ஊர்களில் அரசு நர்சிங் கல்லூரிகள் உண்டு. அது கிடைக்காவிட்டால் அரசாங்க ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி. இந்த இரண்டுக்கும் சென்னையில் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கவுன்சலிங் நடத்துகிறது. தரகருக்கு அங்கே வேலையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த டிப்ளமாப் பள்ளிகளுக்குத் தனியாக விண்ணப்பம் கோருவார்கள். மிஷன் ஆஸ்பத்திரிகள் நடத்தும் பழைய பள்ளிகளும் நல்லவை. இவ்வளவுக்கும் பிறகுதான் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்வது.

“எட்டு மைலுக்குள்ள இருக்குன்னு மோசமானதுல சேக்காதே. நூறு மைலுக்கு அப்பால நல்லது இருந்தா அனுப்பு. படிச்சு முடிச்சா அவ எப்படியும் ஊரை விட்டுப் போகத்தான் போறா,” என்றார்.

பணத்துக்கு வழி என்ன என்ற கேள்வி எழுந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-ல் வந்தது. தமிழ் வழியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் 2024-ல் அதை நீட்டித்தார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் உயர்கல்வி உதவித்தொகை உண்டு. வங்கிக் கடனும் கிடைக்கும். அங்கீகாரமில்லாத ஸ்தாபனம் என்றால் வங்கி மானேஜரே கையை விரித்துவிடுவார். அதுவும் ஒரு சோதனைதான்.

சம்பளம் என்ன வரும்?

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மச்சினர் இங்கேதான் வாயைத் திறந்தார். “அக்கா மக டீச்சரானா பத்து மணிக்குப் போயி நாலு மணிக்கு வந்துருவா. இங்க குற்றாலத்துல பராசக்தி காலேஜ் இருக்கு. நர்ஸுக்கு அப்படி என்ன சம்பளம்?”

நியாயமான கேள்வி. பதில் இரண்டு முகம் கொண்டது.

நல்ல முகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டில்லி எய்ம்ஸ் முதலிய மத்திய ஸ்தாபனங்களில் நர்ஸின் பதவிப் பெயரே ‘நர்சிங் ஆபீசர்’. ஏழாவது சம்பளக் கமிஷன் நிர்ணயித்த தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். 2020 முதல் இதற்கென்று அகில இந்தியப் பொதுத் தேர்வு நடக்கிறது. பட்டதாரிகள் நேராக எழுதலாம். டிப்ளமாக்காரர்கள் ஐம்பது படுக்கையுள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். ரயில்வே, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் இடம் உண்டு. ராணுவ நர்ஸுப் பணிக்கு நீட் மார்க்கை வைத்து எடுத்து, நாலு வருஷம் படிக்க வைத்து, லெப்டினென்ட் பட்டமும் கொடுக்கிறார்கள். தென்காசிப் பெண் தோளில் நட்சத்திரம் வைத்துக்கொண்டு வந்து இறங்கினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று தாயார் யோசித்துப் பார்க்கட்டும்.

மற்றொரு முகம் அவ்வளவு அழகாக இல்லை. நம் மாநிலத்தில் 2015-ல் தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்த முறையில் சேர்ந்த நர்ஸுகளுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடி உட்கார்ந்தார்கள். சம்பளம் பிறகு படிப்படியாக 14,000, 18,000 என்று ஏறியது. நிரந்தரம் என்பது காத்திருக்க வேண்டிய விஷயமாகவே இருந்தது. கொரோனா காலத்தில் அவசரமாக எடுத்தவர்களில் பலருடைய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ல் முடிந்தது. அவர்கள்மீது மலர் தூவியதைப் பார்த்த கண்கள் இதையும் பார்த்தன.

தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளத்தைப் பற்றி 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு வழி காட்டியது. அதன்படி அமைந்த நிபுணர் குழு சிபாரிசு செய்தது இது: இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி அரசாங்கத்துக்குச் சமமான சம்பளம் தரவேண்டும், நூறுக்கு மேல் இருந்தால் பத்து சதவிகிதம் வரை குறையலாம், ஐம்பதிலிருந்து நூறு வரை என்றால் இருபத்தைந்து சதவிகிதம் வரை குறையலாம், ஐம்பதுக்கும் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. சிபாரிசு காகிதத்தில் இருக்கிறது. சிறு ஊர்களில் அதற்குப் பாதியும் கொடுக்காத இடங்களை நானே பார்த்திருக்கிறேன்.

“உள்ளதைச் சொல்லணும்லா,” என்றார் ஆச்சி. “காலு நரம்பு சுருட்டிக்கிடும். இடுப்பு வலி வரும். ஊசி கையில குத்திரும். மஞ்சக்காமாலை தடுப்பூசி போடாம வார்டுக்குள்ள விடுற காலேஜா இருந்தா அதையும் வேண்டாம்னு சொல்லு. தீபாவளிக்கு லீவு கெடைக்காது. என் மக சடங்கு அன்னைக்கு நான் ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்துதான் பந்தி பரிமாறினேன்.”

கடல் கடந்து போவது

வெளிநாட்டு ஆசை இல்லாத நர்சிங் மாணவியைப் பார்ப்பது அரிது. ஆசையில் தப்பில்லை. உலகம் முழுவதும் 2 கோடியே 79 லட்சம் நர்ஸுகள் இருந்தும் இன்னும் 59 லட்சம் பேர் தேவை என்று 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொன்னது. பிரிட்டனுக்கு இங்கிலீஷ்ப் பரீட்சை, அமெரிக்காவுக்கு அவர்களுடைய நர்ஸு லைசென்ஸ் பரீட்சை, ஜெர்மனிக்கு அந்தப் பாஷையில் நல்ல தேர்ச்சி என்று ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சாவி. பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவமும் கேட்பார்கள்.

2014-ல் ஈராக்கின் திக்ரித் நகரில் யுத்தத்துக்கு நடுவே 46 இந்திய நர்ஸுகள் சிக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கலாம். ஏறக்குறைய எல்லாரும் மலையாளத்துப் பெண்கள். நம் தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். குண்டுச் சத்தம் கேட்டும் சிலர் திரும்பி வரத் தயங்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. காரணம், ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கியிருந்தார்கள். சம்பளமும் பல மாதம் பாக்கி. நல்ல வேளையாக ஜூலை 5-ஆம் தேதி அனைவரும் கொச்சியில் வந்து இறங்கினார்கள். மறு வருஷமே மத்திய அரசாங்கம், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அரசாங்க ஸ்தாபனங்கள் மூலமாகத்தான் நர்ஸுகளை எடுக்கலாம் என்று விதி செய்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 1978-ல் ஏற்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அரசாங்கமே நடத்துவது.

ஒரு சின்னப் பரீட்சை

இருட்டத் தொடங்கிவிட்டது. சாரல் பிசுபிசுத்தது. ஆச்சி நிலைப்படிப் பக்கம் திரும்பினார்.

“ஏளா, இங்க வா. ஒரு கிராம் மருந்துப் பொடி. அதைப் பத்து மில்லி தண்ணியில கலக்கியிருக்கு. டாக்டர் இருநூத்தம்பது மில்லிகிராம் போடச் சொல்லி எழுதியிருக்காரு. நீ எத்தனை மில்லி எடுப்ப?”

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரலில் எண்ணவில்லை. “ரெண்டரை மில்லி ஆச்சி.”

“சரி. எனக்கு முத வருஷம் இது தப்பாப் போச்சு.” ஆச்சியின் முகத்தில் லேசாக மலர்ச்சி. “இன்னொண்ணு கேக்கேன். படுத்த படுக்கையாக் கிடக்கிறவருக்கு மலச்சட்டி வச்சு எடுக்கணும். எடுப்பியா?”

பெண் பதில் சொல்லுமுன் தகப்பனார் சொன்னார்: “எங்கப்பா பக்கவாதத்துல எட்டு மாசம் கெடந்தாவ ஆச்சி. அவளும் அவ அம்மையுந்தான் பாத்தாவ. பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி துடைச்சு, வேட்டி மாத்திட்டுத்தான் போவா. கடைசி வரைக்கும் முதுகுல ஒரு புண்ணு கெடையாது.”

ஆச்சி தாயாரைப் பார்த்தார். தாயார் குனிந்து முந்தானையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பம் அந்த வேலையை வீட்டுல சும்மா செஞ்சா சரி, சம்பளத்துக்குச் செஞ்சா மாப்பிள்ளை வரமாட்டானா?” என்றார் ஆச்சி. குரலில் கோபம் இல்லை. தாயாரும் பதில் சொல்லவில்லை. காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு நடந்தவை சாதாரணக் காரியங்கள். ஐயாயிரம் ரூபாயைத் திருப்பிக் கேட்க மச்சினரே கூட வருவதாக ஒப்புக்கொண்டார். வராவிட்டால் போலீசில் மனுக் கொடுப்பதென்று தீர்மானம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து வைக்கும்படி ஆச்சி சொன்னார். தேர்வுக் குழுவின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் வியாழக்கிழமை காலையில் இரண்டு ஆஸ்பத்திரிகளைப் போய்ப் பார்த்து வருவது. பத்து மணிக்கு வார்டில் நிற்கவேண்டுமானால் எத்தனை மணி பஸ்ஸைப் பிடிப்பது என்று கணக்குப் போட்டார்கள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அண்ணன் மகள் ஆச்சியின் அருகில் வந்து உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறையைக் கையில் உருட்டியபடியே மெல்லக் கேட்டாள்:

“ஆச்சி, நான் பிளஸ் டூவுல வணிகவியல். அறுபது சதவிகிதம். இனிமே ஜி.என்.எம். சேர முடியுமா?”

“வயசு என்ன ஆச்சு?”

“இருபத்திநாலு.”

ஆச்சி கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டு, “உன் மார்க்கு ஷீட்டை எடுத்துட்டு வா, பாப்போம்,” என்றார்.